அறுபத்தொன்று போக மீதி: மாநில அரசின் பணத்தை எந்தச் சேவைக்கு, எந்த வரிசையில் பங்கிடுவது?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

2025 மார்ச் 14 அன்று சட்டப்பேரவையில் தாக்கலான தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி இந்த மன்றத்தில் ஏற்கெனவே பல இழைகள் ஓடிவிட்டன. எல்லாமே "இலவசமா, வளர்ச்சியா" என்ற ஒரே சுவரில் போய் முட்டி நின்றன. அந்தக் கேள்வியே பிழையான இடத்தில் கேட்கப்படுகிறது என்பது என் கருத்து. எனவே இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

2025-26ஆம் ஆண்டுக்கான வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் ஊதியத்துக்கு ஏறத்தாழ 90,000 கோடியும், ஓய்வூதியத்துக்கு 41,000 கோடிக்குச் சற்று மேலும், வட்டிக்கு 70,000 கோடிக்குச் சற்று மேலும் போகின்றன. மூன்றையும் கூட்டினால் இரண்டு லட்சம் கோடியைத் தாண்டிவிடுகிறது. நூறு ரூபாய் உள்ளே வந்தால் அறுபத்தொரு ரூபாய் வருவதற்கு முன்பே பேசி முடிக்கப்பட்ட பணம். மீதமிருக்கும் முப்பத்தொன்பது ரூபாயில் மருந்தும், சத்துணவும், உதவித்தொகையும், உள்ளாட்சிகளுக்கான பகிர்வும், பேருந்துக் கட்டண ஈடும், மின் மானியமும் நடக்க வேண்டும். நடக்கவில்லை என்பதற்கு 41,635 கோடி ரூபாய் வருவாய்ப் பற்றாக்குறையே சாட்சி. அணையும் பாலமும் கட்டுவதற்கு மட்டுமல்லாமல், அன்றாடச் செலவுக்கும் கடன் வாங்குகிறோம். 2013-14 முதல் நிலைமை இப்படித்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் நமக்கு வருவாய் உபரி இருந்தது.

நான் கேட்க விரும்புவது இதுதான். பணம் போதாதபோது முதலில் எதை வெட்டுகிறார்கள்? நிதிநிலை உரையில் அறிவித்த திட்டத்தை வெட்ட முடியாது, மறுநாளே செய்தியாகிவிடும். ஊதியத்தை நிறுத்த முடியாது. கட்டுமானப் பணிகளுக்குப் பின்னால் தொகுதி உறுப்பினரும் ஒப்பந்ததாரரும் நிற்கிறார்கள். எவரும் குரல் கொடுக்காத இரண்டே இரண்டு இனங்கள் உண்டு: ஒன்று, ஏற்கெனவே கட்டியவற்றின் பராமரிப்பு, இன்னொன்று, நிரப்பாமல் விடப்படும் பணியிடம். வெட்டு எப்போதும் அங்கேதான் விழுகிறது என்பது என் வாதம். துறைகளுக்குள் இருந்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

ஓய்வுக்கணக்கர்

கருவூலக் கணக்குத் துறையிலும் பிறகு ஒரு துறைத் தலைமை அலுவலகத்தின் கணக்குப் பிரிவிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்கிறேன். ஒன்று தங்கள் வாதத்துக்கு ஆதரவானது, மற்றொன்று எதிரானது.

எதிரானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் வட்டியையும் ஒரே மூட்டையில் கட்டி "சேவைக்குப் போகாத பணம்" என்று வைப்பது தவறான படம். வட்டி என்பது நேற்றைய செலவு. ஓய்வூதியம் நேற்றைய சேவைக்கான நிலுவை. ஆனால் ஊதியம் அப்படிப்பட்டதன்று. பள்ளிக்கல்வித் துறைக்கு 2025-26இல் 46,767 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அதன் பெரும்பகுதி ஆசிரியர் ஊதியம். ஆசிரியர் இல்லாமல் பள்ளிக்கல்வி என்று தனியாக ஒரு சேவை இருக்கிறதா? செவிலியர் ஊதியத்தைக் கழித்துவிட்டால் மருத்துவமனையில் மிஞ்சுவது கட்டடம்தான். அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்குத் தரும் பணம் ஊதியத் தலைப்பில் வராமல் மானியமாகக் கணக்கில் ஏறுகிறது. வேலை என்னவோ ஒன்றேதான். ஆகவே தங்கள் 61 விழுக்காட்டுக் கோட்டை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

இப்போது ஆதரவானது. துறைகள் அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டை அனுப்பும்போது பணியிடங்களைப் பற்றி "நம்பர் ஸ்டேட்மென்ட்" என்று ஒன்றைத் தயாரிப்போம். ஒப்பளிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, அவற்றில் ஆள் இருப்பவை எத்தனை என்று அதில் இருக்கும். பொதுவாக ஆள் இருக்கும் இடங்களுக்குத்தான் நிதி கேட்கப்படும். ஓர் ஆண்டு காலியாக இருந்த இடத்துக்கு மறு ஆண்டு பணம் இருக்காது. பணம் இல்லை என்பதே அந்த இடத்தை நிரப்பாமல் விடுவதற்குக் காரணமாகச் சொல்லப்படும். சில ஆண்டுகள் இப்படிப் போனால், "இவ்வளவு நாள் இந்த ஆள் இல்லாமல்தானே நடந்தது" என்ற குறிப்போடு கோப்பு திரும்பி வரும். யாரும் வெட்டியதாகக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். வெட்டு மட்டும் நடந்திருக்கும்.

கொரோனாக் காலத்தில் 2020 மே மாதம் வந்த சிக்கன அரசாணை நினைவிருக்கும். அலுவலகச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கவும், புதிய பணியிடங்களை உருவாக்காமல் இருக்கவும் சொன்னது அது. அதே மாதத்தில்தான் ஓய்வு வயது 58இலிருந்து 59 ஆயிற்று. 2021 பிப்ரவரியில் 60 ஆயிற்று. பணிக்கொடையையும் இதர ஓய்வுகாலப் பணப்பயன்களையும் இரண்டு ஆண்டுகளுக்குத் தள்ளிப்போட அதைவிடச் சுலபமான வழி எந்த நிதித்துறைக்கும் கிடைக்காது. அந்தச் செலவு மறைந்துபோகவில்லை, நாள் தள்ளி வந்து சேர்ந்தது.

---

மலையடிவார மருத்துவர்

ஐயா சொன்ன பணியிடக் கணக்கை அப்படியே ஏற்கிறேன். பராமரிப்பைப் பற்றி மட்டும் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மேற்கு மாவட்டம் ஒன்றில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராக இருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம்.

மருந்து எங்களுக்கு வந்துவிடுகிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஏற்பாடு அவ்வளவு உறுதியானது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஆண்டுக்கு இவ்வளவு மதிப்புக்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் வரம்பு இருக்கும். மாவட்டக் கிடங்கில் எடுக்க எடுக்கப் பதிந்து கழித்துக்கொண்டே வருவார்கள். யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை, எவ்வளவு மிச்சம் என்பது ஏப்ரலிலும் தெரியும், ஜனவரியிலும் தெரியும்.

பிரசவ அறையில் உள்ள, சளியையும் நீரையும் உறிஞ்சும் சக்ஷன் கருவியின் மோட்டார் பழுதானால் அப்படி ஒரு பாஸ்புக் கிடையாது. ஜெனரேட்டருக்கு பேட்டரி மாற்ற வேண்டும், தண்ணீர்த் தொட்டிக் குழாயில் விரிசல், கழிவறைக் கதவு இற்றுப்போய்விட்டது என்று எழுதினால், கட்டடம் பொதுப்பணித் துறையைச் சேர்ந்ததா, ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்ததா என்ற கேள்வி முதலில் வரும். கையில் இருப்பது நோயாளர் நலச் சங்கத்தின் நிதிதான். தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்த காலத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்குச் சங்க நிதியாக ஒரு லட்சம், பராமரிப்புக்கு ஐம்பதாயிரம், நிபந்தனையில்லா நிதியாக இருபத்தைந்தாயிரம் என்று வகுத்தார்கள். மொத்தம் 1.75 லட்சம். அன்று அது பெரிய தொகை. இன்று ஒரு ஜெனரேட்டரை முழுதாகப் பழுது பார்த்தால் மீதி என்ன இருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளும் சிகிச்சைக்கான தொகையைக் கோரிப் பெறுகின்றன. பெரிய மருத்துவமனைகள் அந்தப் பணத்தில் கருவி வாங்குகின்றன, வார்டைச் சீரமைக்கின்றன. நல்லதுதான். ஆனால் அறுவைச் சிகிச்சை போன்ற பெரிய சிகிச்சை நடக்கும் இடத்துக்குத்தான் காப்பீட்டுப் பணம் வரும். தடுப்பூசி போடுவதற்கும் சர்க்கரை நோயாளிக்கு மாதந்தோறும் மாத்திரை கொடுப்பதற்கும் எந்தக் காப்பீட்டு நிறுவனமும் பணம் தருவதில்லை. ஒதுக்கீட்டுப் பணம் குறையக் குறைய, சம்பாதிக்கத் தெரிந்த சேவை பிழைத்துக்கொள்கிறது. நோய் வராமல் தடுக்கும் சேவை பின்தங்கிப் போகிறது. இப்படி ஆக வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

---

நெல்லைச்சீமை

மருத்துவர் சொல்வதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். 2025-26இல் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு 21,906 கோடி ரூபாய். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு மட்டும் 13,807 கோடி ரூபாய். ஒரு துறை முழுவதற்கும் தருவதில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேலான பணம் ஒரே ஒரு திட்டத்துக்குப் போகிறது. இதோடு பேருந்துக் கட்டண ஈட்டுத் தொகை சுமார் 3,600 கோடி. வைகைக்கரை அவர்கள் "இலவசமா, வளர்ச்சியா" என்ற கேள்வியே தவறு என்று ஒதுக்கிவிட்டு, ஜெனரேட்டர் பேட்டரிக்குப் பணமில்லை என்று வருந்துவது எனக்குப் பொருந்தி வரவில்லை. பணம் இருக்கிறது. வேறு இடத்தில் வைத்திருக்கிறோம். அதைச் சொல்லத் தயங்குவானேன்?

---

கரும்பலகை

அரசுப் பள்ளி ஆசிரியை நான். இந்த விவாதத்தில் எனக்கு எந்தப் பக்கம் சாய்வு இருக்கும் என்பது வெளிப்படை. அதனாலேயே ஒரு கணக்கை நானே முன்வைக்கிறேன். 2025 ஏப்ரலில் எங்களுக்கு அகவிலைப்படி 2 விழுக்காடு உயர்ந்தது. ஆண்டுக்கு அதனால் கூடும் செலவு 1,252 கோடி ரூபாய் என்று அரசே அறிவித்தது. காலை உணவுத் திட்டத்துக்கு ஆண்டு ஒதுக்கீடு 600 கோடி ரூபாய் அளவில் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, இன்று மாநிலத்தின் தொடக்கப் பள்ளிகளில் பல லட்சம் குழந்தைகளுக்குக் காலையில் கிச்சடியும் உப்புமாவும் பொங்கலும் போடும் திட்டத்தின் ஓராண்டுச் செலவைப்போல் இரண்டு மடங்கு, எங்கள் சம்பளச் சீட்டில் ஒரே வரியில் ஏறிப்போகிறது. அகவிலைப்படி தவறு என்று சொல்லவில்லை. விலைவாசி எங்களுக்கும் ஏறுகிறது. "இலவசத்தை நிறுத்தினால் பணம் கொட்டும்" என்பவர்கள் எந்த இலவசத்தை, எவ்வளவு என்று எண்ணோடு சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். நெல்லைச்சீமை அவர்கள் எண்ணோடு சொன்னார், அதற்கு நன்றி.

பணியிடங்களைப் பற்றி ஐயா எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். காலியாக விடுவதோடு முடிவதில்லை, மலிவாக நிரப்புவதும் உண்டு. 2012இல் ஓவியம், தையல், உடற்கல்வி, கணினிக்கென்று பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். 2024இல்தான் அது 12,500 ரூபாய் ஆயிற்று. பத்தாண்டுகளுக்கும் மேலாக நிரந்தரமாகக் "பகுதிநேரம்". எங்கள் பள்ளியில் ஓவியம் கற்பிப்பவர் மாலையில் சுவர் விளம்பரம் எழுதப் போகிறார். கல்விச் செலவைக் குறைத்த சாதனை எந்தப் புத்தகத்திலும் அச்சாகாது.

ஒன்றிய அரசின் பணம் நின்றபோது என்ன ஆகிறது என்பதையும் கண்ணால் பார்த்தோம். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்துக்கு 2024-25இல் வர வேண்டிய 2,152 கோடி ரூபாய், பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்ற காரணத்தால் வரவில்லை. மாநில அரசு தன் நிதியிலிருந்து எடுத்து ஊதியங்களைக் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அந்தப் பணம் வேறு ஏதோ ஒன்றிலிருந்துதானே வந்திருக்க வேண்டும்? எதிலிருந்து என்று எவருக்கும் தெரியாது.

---

பவானிக்கரை

நெல்லைச்சீமை அண்ணனுக்கு. உரிமைத் தொகையை வரையறையில்லாமல் அள்ளிக் கொடுப்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், ஆண்டு மின் நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் என்று வரம்பு போட்டுத்தான் 2023 செப்டம்பரில் தொடங்கினார்கள். விண்ணப்பம் தள்ளுபடியாகி மேல்முறையீட்டுக்கு வரிசையில் நின்ற பெண்களை எங்கள் ஊர் நியாயவிலைக் கடை வாசலிலேயே பார்த்தேன்.

வரம்பே இல்லாத மானியங்கள் வேறு இருக்கின்றன. வீட்டு மின் இணைப்புக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்பது 2016 முதல் எல்லோருக்கும் பொது. மூன்று வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர் மூன்று இணைப்புக்கும் பெறுகிறார். வேளாண் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் 1990 முதல் உண்டு. நானும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள்தான், அதன் அருமை தெரியும். ஆனால் இரண்டு ஏக்கர் மஞ்சள் போடுபவருக்கும், மூன்று ஆழ்துளைக் கிணறு வைத்துத் தென்னந்தோப்புக்குப் பாய்ச்சுபவருக்கும் ஒரே கணக்கு. பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் கிடையாது. குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்து, அரசு மின்வாரியத்துக்குக் கட்டுகிறது. எவ்வளவு ஓடியது, யாருக்கு ஓடியது என்று தெரியாமலே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கோடி போகிறது. அதைப் பற்றி எவரும் இழை தொடங்குவதில்லை. பெண்ணின் வங்கிக் கணக்கில் ஆயிரம் ரூபாய் ஏறும்போது மட்டும் நிதி ஒழுக்கம் ஞாபகத்துக்கு வருகிறது.

---

ஓய்வுக்கணக்கர்

பவானிக்கரை அம்மா தொட்ட இடம் சரியான இடம். மின்வாரியக் கணக்கை விட்டுவிட்டு மாநில நிதியைப் பேச முடியாது. 2014இல் கட்டணம் உயர்ந்த பிறகு 2022 செப்டம்பர் வரை உயர்த்தவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் நிலக்கரி விலை காத்திருக்கவில்லை. 2017 ஜனவரியில், கடனில் மூழ்கிய மின் நிறுவனங்களை மீட்க ஒன்றிய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் சேர்ந்தபோது வாரியக் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அன்று ஏற்றுக்கொண்டது இன்று வட்டித் தலைப்பில் இருக்கிறது. மின் கட்டணத்தை உயர்த்தாமல் விட்ட நன்மை அன்றைய நுகர்வோருக்குப் போயிற்று. அதற்கான செலவை இன்றைய மருத்துவமனையும் பள்ளியும் பகிர்ந்துகொள்கின்றன. நிதிநிலை உரையில் இதை "கல்வியிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றினோம்" என்று யாரும் படிக்கமாட்டார்கள். நடந்தது அதுதான்.

---

கொங்குத்தமிழன்_82

எல்லோரும் பானைக்குள் இருப்பதைப் பங்கு போடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். பானையின் அளவைக் குறைத்தவர்களைப் பற்றிப் பேசவே இல்லை. ஒன்றிய வரிகளில் பகிர்ந்தளிக்கும் தொகையில் தமிழ்நாட்டின் பங்கு 13ஆவது நிதிக்குழுவில் 4.969 விழுக்காடு, 14ஆவதில் 4.023, 15ஆவதில் 4.079. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கும் வருமானத்தை உயர்த்தியதற்கும் கிடைத்த பரிசு. பகிர்ந்தளிக்க வேண்டாத செஸ், கூடுதல் வரி என்று ஒன்றிய அரசு வசூலிப்பது தனி. ஜி.எஸ்.டி. இழப்பீடு 2022 ஜூனோடு நின்றது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி. 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தரும் வரை பெரும்பாலும் மாநிலம் தன் நிதியிலும் கடனிலும் தான் ஓட்டியது. இதையெல்லாம் சொல்லாமல் சக்ஷன் மோட்டாரைப் பற்றிப் பேசுவது தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிப்பது.

---

மட்டுறுத்துநர்

கட்சிப் பெயர்களைச் சொல்லி வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒரு பதிவில் மருத்துவர் பணியாற்றும் ஊரை ஊகித்து எழுதியிருந்தார்கள், அதையும் நீக்கினேன். இனி அப்படி எழுதுபவரின் கணக்கு முடக்கப்படும். விவாதம் தொடரட்டும்.

---

வைகைக்கரை

கொங்குத்தமிழன் சொன்ன எண்களில் எனக்கு மறுப்பில்லை. நிதிக்குழுவின் அநீதிக்குத் தனி இழை வேண்டும், அதில் நானும் அவர் பக்கம்தான். ஆனால் நாளைக்கே நம் பங்கு 5 விழுக்காடு ஆகிவிட்டால், கூடுதலாக வரும் பணம் எந்த வரிசையில் போகும் என்பதே இந்த இழையின் கேள்வி. இன்றிருக்கும் பழக்கத்தின்படி போனால் அதுவும் புதிய அறிவிப்புக்கும் அகவிலைப்படிக்கும் போகும். ஜெனரேட்டர் அப்படியே நிற்கும்.

நெல்லைச்சீமை அவர்களுக்கு: பணம் வேறு இடத்தில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் மறுப்பு, அதை எடுத்தால் பராமரிப்புக்கு வரும் என்ற நம்பிக்கையின்மேல்தான். உரிமைத் தொகை தொடங்கியது 2023இல். அதற்கு முன் பராமரிப்புக்குப் பணம் தாராளமாக இருந்ததா? இல்லையே. 2003இல் அரசு ஊழியர் சலுகைகளை வெட்டினார்கள், போராட்டம் வெடித்தது, ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள், உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. இவ்வளவு கடுமையாகச் சிக்கனம் பிடித்த அந்தக் காலத்தில்கூட, மிச்சமானது பழைய கட்டடங்களுக்குப் போய்ச் சேர்ந்ததாக எவரும் சொல்லக் கேட்டதில்லை.

நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று மருத்துவக் கல்லூரிகள்தான். 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மொத்தச் செலவு சுமார் 4,000 கோடி. அதில் 2,145 கோடியை ஒன்றிய அரசு கொடுத்தது. கல்லூரிக்கு 195 கோடி என்று கணக்கு. கட்டும் செலவில் இருவரும் பங்கு போட்டார்கள். கட்டி முடித்த பிறகு பேராசிரியர் ஊதியமும் ஆய்வகச் செலவும் மின் கட்டணமும் ஆண்டுதோறும் மாநிலத்தின் பொறுப்பு. 2025இல் தேசிய மருத்துவ ஆணையம் ஆசிரியர் பற்றாக்குறையைச் சுட்டிக்காட்டி, மாநிலத்தின் பெரும்பாலான அரசு மருத்துவக் கல்லூரிகளிடம் விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது. புதியவற்றோடு பழையவையும் அதில் சிக்கின. அந்த இணைப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது: புதிய கல்லூரிக்கு ஆள் வேண்டும், புதிய பணியிடங்கள் போதிய அளவில் நிரப்பப்படவில்லை, ஆகவே பழைய கல்லூரி இளைத்தது.

---

மலையடிவார மருத்துவர்

இளைத்தது என்பது மென்மையான சொல். ஆய்வு வருகிறது என்றால் மாற்றுப்பணி ஆணை வரும். ஒரு கல்லூரியின் உதவிப் பேராசிரியர் சில வாரங்கள் இன்னொரு கல்லூரியின் வருகைப்பதிவில் இருப்பார். அவர் விட்டு வந்த இடத்தில் புறநோயாளிகள் வரிசை நீளும். ஆரம்ப சுகாதார நிலைய அளவிலும் இதே கதைதான். பக்கத்து நிலையத்தில் மருத்துவர் இல்லையென்றால் வாரத்தில் சில நாள்கள் நான் அங்கே இருப்பேன். இரண்டு நிலையங்களும் இயங்குவதாகவே அறிக்கையில் இருக்கும்.

---

நெல்லைச்சீமை

வைகைக்கரை அவர்களே, தாங்கள் சொல்லும் சான்று என் வாதத்துக்கும் உதவும். புதிய செலவு எதையும் ஏற்கும் முன் அதன் தொடர்செலவைப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். மாதம் ஆயிரம் ரூபாய் என்பதும் தொடர்செலவுதான். மருத்துவக் கல்லூரியைவிட நீண்ட தொடர்செலவு. ஒருமுறை தொடங்கினால் எந்த அரசும் நிறுத்தாது, தேர்தலுக்குத் தேர்தல் தொகையை ஏற்றத்தான் செய்யும். மாநில நிதிநிலை பற்றிய 2021 ஆகஸ்ட் வெள்ளை அறிக்கையில் ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்று இதே அரசுதான் சொன்னது. நிலுவைக் கடன் 2026 மார்ச் இறுதியில் 9,29,959 கோடியாக இருக்கும் என்று 2025 மார்ச் வரவு செலவுத் திட்டத்தில் மதிப்பிட்டதும் அதே அரசுதான். மாநில உற்பத்தியோடு ஒப்பிட்டால் 26.07 விழுக்காடு, வரம்புக்குள் இருக்கிறது என்பார்கள். வட்டியை விழுக்காட்டில் கட்ட முடியாது, ரூபாயில்தான் கட்ட வேண்டும். இமாச்சலப் பிரதேசத்தில் 2024 செப்டம்பரில் அரசு ஊழியர் சம்பளமே ஐந்தாம் தேதிக்குத் தள்ளிப்போயிற்று. நாம் அந்த இடத்தில் இல்லை என்பது உண்மை. அந்தப் பாதையில் இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

பவானிக்கரை தங்கை கேட்டதற்குப் பதில்: மீட்டர் பொருத்துவதை நான் ஆதரிக்கிறேன். நூறு யூனிட் சலுகையை ஒரு குடும்பத்துக்கு ஒரு இணைப்பு என்று குறுக்குவதையும் ஆதரிக்கிறேன். அதை எந்தக் கட்சி தேர்தல் அறிக்கையில் போடும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

---

பவானிக்கரை

மீட்டரை ஒப்புக்கொண்டதே போதும் அண்ணா. உரிமைத் தொகையில் நான் இறங்கி வருவதாக இல்லை.

---

வைகைக்கரை

நெல்லைச்சீமை சொன்ன தொடர்செலவுக் கணக்கு நியாயமானது. அதை உதவித்தொகைக்கும் சேர்த்தே வைக்கலாம். நான் யோசிப்பது நடைமுறைக்குரிய இரண்டு விதிகள். ஒன்று: புதிய கட்டடத்துக்கோ நிறுவனத்துக்கோ நிர்வாக ஒப்புதல் தரும் அரசாணையிலேயே, முதல் பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஆள், மின்சாரம், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு எவ்வளவு ஆகும், அது எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று எழுத வேண்டும். இரண்டு: பராமரிப்பை ஒப்பந்தத்துக்குள் கட்டிப்போட வேண்டும். நெடுஞ்சாலைத் துறை பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கிய செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தம் இதற்கு முன்மாதிரி. சாலையைப் போடுவதோடு விட்டுவிடாமல், ஐந்தாண்டுகள் குழி விழாமல் வைத்திருப்பதற்கும் சேர்த்தே ஒப்பந்ததாரருக்குப் பணம். குழி விழுந்து குறித்த நாளுக்குள் மூடாவிட்டால் பிடித்தம். அங்கே பராமரிப்புப் பணத்தை நிதித்துறை நடுவில் வெட்ட முடியாது, ஏனென்றால் அது சட்டப்படி கொடுத்தாக வேண்டிய கடப்பாடாகிவிடுகிறது. மருத்துவர் சொன்ன பாஸ்புக் முறையும் வேறு வழியில் இதையே செய்கிறது.

---

ஓய்வுக்கணக்கர்

இரண்டாவது விதியில் ஓர் ஆபத்து இருக்கிறது. எல்லாவற்றையும் கடப்பாடாக்கிக்கொண்டே போனால் தங்கள் 61 விழுக்காடு 75 ஆகும். பஞ்சமோ வெள்ளமோ வந்தால் நிதித்துறையின் கையில் அசைக்கக்கூடிய பணமே இருக்காது. எது அசையக் கூடாதது என்று தேர்வு செய்வதும் பங்கீடுதான். பிரசவ அறைக்குத் தருவேன், துறை அலுவலக வளாகத்துக்குத் தரமாட்டேன் என்று யாராவது கையெழுத்திட வேண்டும்.

முதல் விதி பழைய விதிதான். புதிய திட்டங்களைப் பகுதி-2 என்று தனியே பிரித்து அனுப்பும் வழக்கத்தில், தொடர்செலவு, தொடராச் செலவு என்று இரண்டையும் காட்டியே துறைகள் கேட்கும். காட்டுவார்கள், நிதித்துறையும் பார்க்கும். அடுத்த ஆண்டு அது தொடரும் திட்டமாகப் பகுதி-1க்குள் போய்விட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிக்கல் அங்கே.

---

கரும்பலகை

ஐயா, ஒரு கேள்வி. பராமரிப்பு வெட்டப்படுகிறது என்று நாம் எல்லோரும் அனுபவத்திலிருந்து சொல்கிறோம். கணக்கிலிருந்து நிறுவ முடியுமா? எங்களைப் போன்றவர்கள் எந்தப் புத்தகத்தில் பார்க்க வேண்டும்?

---

ஓய்வுக்கணக்கர்

முடியும் அம்மா. நிதிநிலை உரையைப் படித்துப் பயனில்லை. ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பேரவையிடம் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கைப் புத்தகங்களைத் திறக்க வேண்டும். நிதித்துறையின் இணையதளத்தில் துறைவாரியாக இருக்கின்றன. பள்ளிக்கல்வி 43ஆம் கோரிக்கை, மக்கள் நல்வாழ்வு 19, நெடுஞ்சாலை 21, ஓய்வூதியம் 50. ஒவ்வொரு திட்டத்தின் கீழும் சம்பளங்கள், அலுவலகச் செலவு, பராமரிப்பு, கருவிகள் என்று உள்தலைப்புகள் வரும். அவற்றுக்கு எதிரே நான்கு நெடுவரிசைகள்: முடிந்த ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பாண்டின் மதிப்பீடு, அதன் திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. மதிப்பீட்டுக்கும் திருத்த மதிப்பீட்டுக்கும் இடையில் பராமரிப்பு எவ்வளவு சுருங்கியது, சம்பளம் எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். பிறகு அதற்கு அடுத்த ஆண்டு வரும் புத்தகத்தில் அதே ஆண்டின் உண்மைக் கணக்கை எடுத்து ஒப்பிடுங்கள். ஒரே ஆண்டை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். மார்ச் மாதக் கடைசி வாரத்தில் அவசரமாகப் பில் போட்டுத் தீர்ப்பதால் ஓர் ஆண்டு எண் ஏமாற்றும். குறைந்தது ஐந்து ஆண்டுகள் வேண்டும். கட்டடப் பராமரிப்பு சில துறைகளில் பொதுப்பணித் துறையின் கோரிக்கையில் ஒளிந்திருக்கும், அதையும் சேர்த்துத் தேட வேண்டும்.

---

வைகைக்கரை

19ஐயும் 21ஐயும் நான் எடுத்துக்கொள்கிறேன், 2019-20 முதல். கொரோனா ஆண்டுகளைத் தனி நிறத்தில் குறித்துவிடலாம். கரும்பலகை அவர்கள் 43ஐ எடுத்துக்கொண்டால் வசதி.

---

கரும்பலகை

எடுத்துக்கொள்கிறேன். அரசு உதவிபெறும் பள்ளி மானியத்தைச் சம்பளத்தோடு சேர்ப்பதா, தனியே வைப்பதா?

---

ஓய்வுக்கணக்கர்

தனியே வையுங்கள். சேர்த்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

---

நெல்லைச்சீமை

சமூக நலத்தையும் மின் மானியத்தையும் நான் பார்க்கிறேன். பவானிக்கரை சரிபார்க்கட்டும், நானே போட்டு நானே சரிபார்த்தால் அவர் நம்பமாட்டார்.